பாரதியாரின் அரசியல் அங்கதம்: நடிப்பும் நேர்மையும்

காலாப்பட்டிலிருந்து புதுவை நகருக்குச் செல்வோர் கோட்டக்குப்பத்தின் வழியாகத் தமிழ்நாட்டு மண்ணைக் கடந்தே செல்லுதல் வேண்டும். சிறுபொழுதிற்குள் ஆட்சி இருமுறை மாறிவிடுகின்றது. இன்று அம்மாற்றத்தை நமக்கு அறிவிப்பன வழியோர மதுக்கடைப் பலகைகளும் பெட்ரோல் விலையுமே. 1947 வரை அவ்வெல்லை இரண்டு பேரரசுகளின் எல்லையாக இருந்தது. ஒருபால் சிறைக்குரிய குற்றமாகக் கருதப்பெற்ற சொல், மறுபால் இதழாக அச்சேறியது. 1906-இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' என்னும் வார இதழ், 1908-இல் அதன் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் அரசெதிர்ப்புக் குற்றத்திற்காகச் சிறை புகுந்தபின், புதுவைக்குப் பெயர்ந்ததும் அவ்வெல்லையின் பயன் கருதியே. அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் முதல் 1910 மார்ச்சுத் திங்கள் வரை அஃது இங்கிருந்து வெளிவந்தது. அதன் உயிராக விளங்கியவர் சுப்பிரமணிய பாரதியார்.

தமிழ் இதழ்களில் அரசியல் கருத்துப்படத்தை வழக்கிற்குக் கொண்டுவந்த பெருமை 'இந்தியா'விற்கு உரியது. அரசியலாரை எள்ளி நகையாடும் எழுத்து, தமிழில் இதழ்வழியாகப் பொதுமக்களைச் சென்றடையத் தொடங்கிய காலம் அது. அக்காலத்துப் பாரதியாரின் உரைநடையும் படங்களும் பாடல்களும் ஒரே உலையில் வடித்தெடுத்தவை. அவற்றுள் இரண்டு பாடல்களை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். ஒன்று 'நடிப்புச் சுதேசிகள்'. மற்றொன்று 'கோக்கலே சாமியார் பாடல்'. இவ்விரண்டையும் ஒரு தட்டில் வைத்து, 'பாரதியார் போலி அரசியலைச் சாடினார்' என்று ஒரே தொடரால் கூறிச்செல்வது நம் பாடநூல்களின் வழக்கம். வகுப்பில் இப்பாடல்களை யான் நடத்தியபோது மாணாக்கர் ஒருவர், "கோகலே என்பவர் போலிச் சாமியாரா, ஐயா?" என வினவினார். அவ்வினாவிற்கு அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பிறருடைய நேர்மையை அளக்கப் புகும் அங்கதம், தன் அளவுகோலை நேர்மையாகப் பிடித்தல் வேண்டுமோ, வேண்டாவோ? இக்கட்டுரை அவ்வினாவிற்குரிய காலங்கடந்த விடை எனலாம்.

அங்கதத்தைத் தொல்காப்பியனார் செய்யுளியலில் இருவகைப்படுத்துவர். வெளிப்படையாகப் பழித்தல் செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து மொழிதல் பழிகரப்பு அங்கதம். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வார் போன்று அவன் போர்க்களம் காணாமையைச் சுட்டிய ஔவையாரின் புறப்பாட்டினைப் பின்னதற்குச் சான்றாகக் காட்டுவர். இது பலரும் அறிந்த பாகுபாடு. யான் இங்கு நினைவூட்ட விரும்புவது அவ்வியலிலேயே வரும் வேறிரண்டு வகைகளை. வாயுறை வாழ்த்து, செவியறிவுறூஉ என்பன அவை. வேம்பு போலக் கைத்துப் பின் நன்மை பயக்கும் சொல் வாயுறை. பெரியோர் நடுவண் அடங்கி ஒழுகுமாறு செவியில் உரைப்பது செவியறிவுறூஉ. இவை பழிப்பு அல்ல; கேட்போனை உறவாகக் கொண்டு உரைப்பன.

பாரதியார் 'நடிப்புச் சுதேசிகள்' என்னும் பாடலுக்குப் 'பழித்தறிவுறுத்தல்' எனத் துணைத்தலைப்பு இட்டார். பழித்தல் அங்கதத்தின் தொழில். அறிவுறுத்தல் செவியறிவுறூஉவின் தொழில். இரண்டையும் இணைத்து ஒரு தொடராக்கிய இத்தலைப்பைத் திறனாய்வாளர் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகின்றனர். தலைப்பு வெறும் அணியன்று என்பது என் துணிபு. பாடலின் கட்டமைப்பே அதற்குச் சான்றாகின்றது.

அப்பாடல் கிளிக்கண்ணி வடிவிலமைந்தது. கிளியை விளித்து இறைவனைப் பாடும் பத்தி மரபிற்கும் அகத்துறை மரபிற்கும் உரிய இனிய மெட்டு அது. அம்மெட்டில் ஒருவரைப் பழித்தல், இனிப்பில் வேம்பு கலப்பதற்கு ஒப்பாகும். அன்றியும் கிளி என்பது தான் பொருள் உணராத சொல்லைத் திருப்பிச் சொல்லும் பறவை. உள்ளத்தில் உரமின்றி வாயால் மட்டும் நாட்டைப் போற்றுவோரைப் பற்றிய முறையீட்டைக் கிளியினிடமே வைத்தது பொருத்தமான நகை. பாரதியார் இதனை எண்ணியே அமைத்தாரா என்று எவரேனும் வினவின், அஃது எனக்குத் தெரிய வேண்டிய செய்தியன்று; பாடலில் அந்நயம் இருக்கின்றது, அதுவே போதும்.

இனி, பழிக்கப்படுவோர் யாவர்? முதற்கண்ணியே உள்ளவலிமையும் நேர்மையும் இல்லாமையைச் சுட்டித் தொடங்குகின்றது. கூட்டத்தில் கூடி முழங்கிவிட்டுச் சின்னாளில் அதனை மறந்துவிடுவோர் அடுத்து வருகின்றனர். இவ்வாறு வளர்ந்து செல்லும் பாடலில் எந்தத் தலைவருடைய பெயரும் இல்லை. எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. கூட்டத்தில் நின்று கைதட்டியவர் அனைவரும் தம்மை அதனுள் காணலாம். பின்னர்ப் பாடல் எதிர்பாராத ஓரிடத்திற்குத் திரும்புகின்றது. பஞ்சத்தாலும் நோயாலும் மக்கள் புழுக்களைப் போல மடிவதைத் தம் கண்ணாற் கண்டும் துடிக்காத நெஞ்சு பற்றியது அப்பகுதி. நேர்மைக்கு உரிய அளவுகோல் இங்குத்தான் கிடைக்கின்றது. ஒருவன் பேசும் பேச்சின் வெப்பத்தைப் பாரதியார் அளக்கவில்லை. பசித்தவனைக் கண்டபோது அவன் என்ன செய்தான் என்பதையே அளக்கின்றார். தீவிரக் கட்சியைச் சேர்ந்த ஒரு பாவலர், தீவிரப் பேச்சையே ஐயத்திற்குரியதாக்கிய செயல் வியப்பிற்குரியது. தம் அணியைச் சேர்ந்தோரையும் அவர் இதனால் தப்பவிடவில்லை.

இப்பாடலில் குறையே இல்லை என்று யான் கூறேன். உரிமை வாழ்விற்குத் தகுதியற்றோரைச் சுட்டக் கண்பார்வையற்றோரையும் ஆண்பெண் என்னும் வரையறைக்குள் அடங்காதோரையும் உவமையாக்கிய கண்ணி இன்று நம் செவிக்கு உறுத்துகின்றது. பிறப்பால் வந்த நிலை வேறு. நெஞ்சால் வரும் இழிவு வேறு. இவ்வேறுபாட்டைப் பிறவிடங்களில் நன்கு உணர்ந்த பாவலர் இங்கு வழக்குமொழிக்குள் வழுக்கிவிட்டார்.

அடுத்த பாடலுக்கு வருவோம். இராமலிங்க அடிகளின் பாடல் ஒன்று, தம் உள்ளத்தில் காய்த்த காய் கனியுமோ, கனிந்தாலும் தம் கைக்கு எட்டுமோ என்று அருளை எண்ணி ஏங்கும் ஐயவினாக்களால் அமைந்தது. அதன் அமைப்பை அப்படியே வாங்கி, மார்லியின் அரசியற் சீர்திருத்தத்தை எதிர்நோக்கிக் கோகலே ஏங்குவதாகப் பாரதியார் பாடினார். அம்பலத்தில் ஆடும் பெருமானின் நடனம் இருந்த இடத்தில், இங்கிலாந்தில் இந்திய அமைச்சராக இருந்த மார்லியின் நடனம் வந்துவிட்டது. நகைச்சுவை முழுவதும் அவ்விட மாற்றத்தால் விளைவது. கடவுளிடம் இரப்பது பத்தி. அயலானிடம் இரப்பது அடிமைத்தனம் என்று ஒரு சொல்லும் சொல்லாமலே படிப்போர்க்கு உணர்த்திவிடுகின்றார். பழிகரப்பு அங்கதத்திற்கு இக்கால இலக்கியத்தில் இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது. மூலப்பாடலை அறிந்தவர் நகைப்பர். அறியாதவர் அதனை ஒரு வேண்டுதற் பாட்டாகவே கொண்டுவிடுதலும் கூடும்.

கலைத்திறம் வேறு, நடுவுநிலை வேறு. 'சாமியார்' என்னும் சொல்லைத் தமிழர் இருபொருளில் வழங்குவர். துறந்தாரையும் குறிப்பர், துறவுக்கோலம் பூண்டு ஏய்ப்பாரையும் குறிப்பர். பாடலின் தலைப்பைக் காண்போர் நெஞ்சில் பின்னைய பொருளே முந்துறத் தோன்றுகின்றது. அம்மாணாக்கர் கேட்ட வினா அதன் விளைவு. ஆகவே கோகலேயின் வாழ்வைச் சிறிது நோக்குதல் கடமையாகின்றது.

கோகலே பூனாவில் திங்களுக்கு எழுபத்தைந்து ரூபாய் ஊதியத்தில் இருபதாண்டு பணிபுரிவதாக உறுதி ஏற்றுக் கல்விப்பணி செய்தவர். 1902-இல் வரவுசெலவுத் திட்டத்தின் மீது அவர் நிகழ்த்திய பேச்சு, உப்புவரி ஏழைகளை வருத்துவதை எடுத்துக்காட்டியது; மறு ஆண்டே அவ்வரி குறைக்கப்பெற்றது. 1905-இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். 1911-இல் கட்டாயத் தொடக்கக் கல்விக்கு வழிசெய்யும் சட்டமுன்வரைவைக் கொணர்ந்தார். 1912-இல் அது தோற்கடிக்கப்பட்டது. இவற்றினும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது 1897-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. பூனாவில் கொள்ளைநோய்த் தடுப்புப் பணியில் ஈடுபட்ட வெள்ளைப் படைவீரர் மக்களுக்கு இழைத்த கொடுமைகளைப் பற்றித் தமக்கு வந்த செய்திகளை அவர் இங்கிலாந்தில் வெளியிட்டார். நாடு திரும்பியபின் அவற்றுக்குச் சான்று காட்ட இயலாமற்போகவே, வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். கோழை என்றும் காட்டிக்கொடுத்தவர் என்றும் அவரைப் பலர் தூற்றினர். சான்று இல்லாத கூற்றைத் திரும்பப் பெற்றமைக்காகப் பழி சுமந்த அரசியலாளரை இந்நாட்டு வரலாற்றில் எண்ணப் புகின், ஒரு கை விரல்களே மிகுதி.

பாரதியார் கோகலேயின் கொள்கையை எதிர்த்தது அவருடைய உரிமை. வேண்டுகோள் விடுத்து விடுதலை பெறுதல் இயலாது என்ற அவர் கருத்தை வரலாறு பெரிதும் மெய்ப்பித்தது. ஆனால், 'நடிப்புச் சுதேசிகள்' தந்த அளவுகோலால் கோகலேயை அளந்தால், அவர் நடிப்பவர் ஆகார். உப்பின்மீது விதித்த வரி யாரை வருத்தும் என்று எண்ணிப் பேசியவர், பசித்தவனைக் கண்டு துடித்தவரே ஆவர். ஒரு பாடல் தந்த கோலை மற்றொரு பாடல் பயன்படுத்தவில்லை. கருத்து வேறுபாட்டை வாய்மைக் குறைபாடாகத் தோன்றச் செய்வது அங்கதத்தின் பழைய நோய். பாரதியாரும் அதற்கு விலக்கல்லர். நிதானக் கட்சியினரை அவர் விடாது எள்ளினார். அக்கட்சியைச் சேர்ந்த வி. கிருஷ்ணசாமி ஐயரே 1907-இல் பாரதியாரின் பாடல்களைச் 'சுதேச கீதங்கள்' எனச் சிறுநூலாக அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறு எழுதியோர் மறவாது குறிப்பர். மாற்றுக்கட்சிப் பாவலனின் பாடலைத் தம் பொருள் செலவிட்டுப் பரப்பிய அரசியலாளர் இக்காலத்தில் உளரா என்று தேடும் வேலையை நண்பர்களுக்கே விட்டுவிடுகின்றேன்.

பாரதியார் வாழ்ந்த புதுவையிலோ அங்கதத்திற்குரிய பொருள் வீட்டுவாயிலிலேயே கிடந்தது. பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பாரிசு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்தனுப்பும் உரிமை பெற்றிருந்தனர். ஆங்கிலேய இந்தியாவில் நினைத்துப் பார்க்கவும் இயலாத உரிமை அது. அவ்வுரிமை நடைமுறையில் எவ்வாறு இருந்தது என்பதற்கு, புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த மற்றொருவர் சான்று. 1914-ஆம் ஆண்டுத் தேர்தலில் போல் புளூய்சேன், போல் ரிஷார் முதலியோர் போட்டியிட்டனர். தேர்தல் முடிந்தபின் அரவிந்தர் தம் அன்பர் மோதிலால் ராய்க்கு எழுதிய மடலில், ரிஷாரின் பெயர் அச்சிடப்பெற்றிருந்த சீட்டுகளை எல்லாம் புளூய்சேன் பெயராகவே படித்துச் சிக்கலை எளிதில் தீர்த்துவிட்டார்கள் என்ற பொருள்பட எழுதுகின்றார். இருவர்க்கும் முற்பெயர் ஒன்றாயிருந்தமை எண்ணுவோர்க்கு உதவியிருக்கும் போலும்! ஓகத்தில் ஆழ்ந்திருந்தவரின் இந்த ஒற்றைச் செய்தியில் இருக்கும் அங்கதம் எந்தக் கருத்துப்படத்திற்கும் தோற்காது.

பாரதியாரின் பாடல் தொகுப்பில் புதுவைத் தேர்தலைப் பற்றிய இத்தகைய எள்ளல் ஒன்றும் இடம்பெறவில்லை. 'இந்தியா' இதழ் 1910 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. அவ்வாண்டுத் தேர்தலும் 1914-ஆம் ஆண்டுத் தேர்தலும் அதன்பின் வந்தவை. இதழ் இல்லாமை ஒரு காரணம். அடைக்கலம் தந்த ஆட்சியின் வாயிலில் நின்று அதன் தேர்தலைப் பாட்டால் எள்ளுதல் எளிதன்று என்பது மற்றொரு காரணமாகலாம். எல்லைக்கு அப்பால் உள்ளோரைக் குறிபார்த்த அம்பு, எல்லைக்கு இப்பால் உறையுள் தங்கிற்று. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. எந்த அங்கதக்காரனுக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. அதனை அவன் வரைவதில்லை, அவன் தங்கும் இடம் வரைகின்றது.

அவ்வெல்லையைப் பாரதியார் கடந்தது 1918 நவம்பர் 20-ஆம் நாள். கடலூர் அருகே அவர் சிறைப்பட்டார். நவம்பர் 28-ஆம் நாள் சிறையிலிருந்து ஆளுநர் பென்ட்லண்டுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். எல்லா வகை அரசியலையும் தாம் துறந்துவிட்டதாகவும், ஆங்கில அரசுக்கும் சட்டத்திற்கும் அடங்கி நடப்பதாகவும் அதில் உறுதி கூறினார். டிசம்பர் 14-இல் விடுதலை கிடைத்தது. பாரதி பற்றாளர் பலர் இம்மடலைக் கண்டும் காணாதவர் போல் நழுவுகின்றனர். பகைமை கொண்டோர் இதனையே பெரிதாக்கி, "நடிப்புச் சுதேசி யார்?" என வினவுகின்றனர். இரண்டும் பிழை. பாடல் தந்த அளவுகோல் நம்மிடம் இருக்கின்றது. அதனை அவர்க்கும் வைத்துப் பார்ப்பதே முறை. பத்தாண்டு வறுமையும் ஒற்றர் சூழ்ந்த வாழ்வும் ஏற்று, உடல் நலிந்து, குடும்பத்தைக் கருதி ஒரு தாளில் கையொப்பமிட்டவன், கூட்டத்தில் முழங்கிவிட்டு வீட்டில் உறங்கியவனோடு ஒருவன் ஆவானா? ஆகான். அவன் சொல்லுக்கு விலை கொடுத்தவன். அவ்வாறாயின், 1897-இல் தம் சொல்லைத் திரும்பப் பெற்ற கோகலேக்கும் அந்நியாயத்தை மறுத்தல் கூடாது. ஒருவர் சான்றில்லாமையால் தம் கூற்றை மீட்டார். மற்றவர் சிறையினின்று மீளத் தம் கூற்றை அடக்கினார். எது உயர்ந்தது என்று நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் என்னிடம் இல்லை. கோகலே 1915-இலேயே மறைந்துவிட்டார். கடலூர் விண்ணப்பத்தை அவர் கண்டிருப்பின், பாட்டு எழுதி எள்ளியிருக்கமாட்டார் என்று மட்டும் நம்புகின்றேன்.

தம்மையே எள்ளும் துணிவு பாரதியாரிடம் இல்லாமற்போகவில்லை. முற்றுப்பெறாத 'சின்னச் சங்கரன் கதை'யில், ஊர்ப்பெரியவரின் அவையில் ஒட்டிக்கொண்டு சிலேடையும் மடக்கும் கட்டும் சிறுவனிடத்தில் எட்டயபுரத்துச் சுப்பையாவின் சாயல் தெளிவாகப் படிந்துள்ளது. பாட்டில் வெளியே நின்று பழித்தவர், கதையில் உள்ளே புகுந்து நகைக்கின்றார். அக்கதை முற்றுப்பெற்றிருந்தால் தமிழ் அங்கதத்தின் போக்கே வேறாகியிருக்கும்.

அப்போக்கு மீண்டும் தலைகாட்டியது மேடையில். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலையடுத்து இந்தியாவெங்கும் கட்சிமாற்றம் பெருகியது. அரியானாவில் கயாலால் என்னும் உறுப்பினர் இரு வாரத்தில் மும்முறை கட்சி மாறிப் பழமொழியானார். மறு ஆண்டு, சோ இராமசாமி 'முகமது பின் துக்ளக்' நாடகத்தை அரங்கேற்றினார். 1971-இல் அது திரைப்படமும் ஆயிற்று. கல்லறையிலிருந்து எழுந்த மன்னனாக வேடமிட்டுப் பிரதமராகிய ஒருவன், கட்சி மாறி வந்தவர்க்கெல்லாம் துணைப்பிரதமர் பதவி வழங்குகின்றான். கையூட்டைச் சட்டத்திற்கு உட்பட்டதாக்குகின்றான். மக்கள் நகைத்தது இவற்றிற்கே. நாடகத்தின் உயிர்நிலையோ முடிவில் உள்ளது. அரசியலின் பொய்மையை உலகிற்குக் காட்டவே வேடம் புனைந்த அவன், வேடத்தைக் களையவேண்டிய வேளையில் பதவியை விட மறுக்கின்றான். எள்ளியவனையே எள்ளல் விழுங்குகின்றது. அவ்வாசிரியரின் அரசியற் சார்புகளை ஏற்பார் ஏற்பர், மறுப்பார் மறுப்பர். அம்முடிவை அமைத்த நேர்மையை மறுத்தல் இயலாது.

கட்சிமாற்றத்தைத் தடுக்க 1985-இல் அரசியலமைப்பில் ஐம்பத்திரண்டாம் திருத்தம் வந்தது. அவ்வாண்டே காலாப்பட்டில் அமைந்த இப்பல்கலைக்கழகமும் தோன்றிற்று. தமிழ்ப் புலம் பாரதியார் பெயரைத் தாங்கிநிற்கின்றது. 2021-ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரித் திங்கள்களில் புதுவைச் சட்டமன்ற உறுப்பினர் சிலர் ஒருவர்பின் ஒருவராகப் பதவி துறந்தனர். பிப்ரவரி 22-ஆம் நாள் நாராயணசாமியின் அமைச்சரவை வீழ்ந்தது. கட்சி மாறுதலைச் சட்டம் தடுத்தது, துறத்தலைத் தடுக்கவில்லை. துறவு இத்துணை விரைவாகப் பயன் தருமென நம் முன்னோர் அறிந்திலர். பாரதியார் இருந்திருப்பின் 'சாமியார்' என்னும் தலைப்பு இன்னும் பொருத்தமாக ஓரிடத்தில் அமைந்திருக்கும். ஆனால் துறந்தவர் அனைவரும் ஒரே காரணத்தால் துறந்தனரா என்பதை ஆராயாது அனைவரையும் ஒரு பாட்டில் அடைத்தால், கோகலேக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும். 'அரசியலார் அனைவரும் பொய்யர்' என்னும் தொடர் தேநீர்க்கடைக்கு இனிது. அது நேர்மையற்றவனுக்கு ஒரு கேடும் செய்வதில்லை. கூட்டத்தில் ஒளிந்துகொள்ள இடம் தருகின்றது. இழப்பெல்லாம் எழுபத்தைந்து ரூபாயில் வாழ்ந்தவனுக்கே.

பாரதியார் பாடல்களைப் பதிப்பிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். மக்கட் பதிப்புகளில் 'கோக்கலே சாமியார் பாடல்' அச்சாகின்றது. அதன் கீழ் இராமலிங்க அடிகளின் மூலப்பாடலையும், 1897, 1902, 1911 ஆகிய மூன்று ஆண்டுகளின் நிகழ்ச்சிகளை மும்மூன்று வரிகளிலும் தருதல் வேண்டும். 'நடிப்புச் சுதேசிகள்' பாடலுக்குரிய துணைத்தலைப்பை விடாது அச்சிடுதல் வேண்டும். யான் கேட்ட மேடைகளில் பாடகர் முதற் சில கண்ணிகளோடு நிறுத்திவிடுகின்றனர். அவையோரும் வேறு யாரையோ நினைத்துக் கைதட்டுகின்றனர். பஞ்சத்தைப் பற்றிய கண்ணிகளை இதுவரை ஒருமுறையும் மேடையில் கேட்டதில்லை.